நான்கு டம்ளர், கழுத்துக் கோடு வரை

ஒரு டம்ளர் மாவு எத்தனை கிராம் என்று கேட்டால், ரொட்டி வேலை தெரிந்தவன் சட்டென்று பதில் சொல்ல மாட்டான். சலித்த மாவா சலிக்காததா, மூட்டையின் மேல்பகுதியா அடிப்பகுதியா, வெளியே மழை பெய்கிறதா என்று திருப்பிக் கேட்பான். டம்ளரை மூட்டைக்குள் விட்டு அள்ளினால் ஒரு எடை. கரண்டியால் தூவி நிரப்பினால் ஒரு எடை. மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் வேறு எடை. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரே வேலையைச் செய்தவனுக்கு இதெல்லாம் கையிலேயே இருக்கும்.

விசாரணை அதிகாரி ஐயா, இதை எழுதுவது இக்னாத் புர்லாக்கு. நிஸ்த்ரு ஆற்றுக்கு மேலே, குன்றில் உள்ள இதய நோயாளிகள் சானடோரியத்தில் ரொட்டி பிசைகிறவன். உங்கள் அறிக்கையை வாசித்து முடித்துவிட்டேன். பதினொரு பக்கம். எனக்கு நான்கு நாள் பிடித்தது. நாற்பத்தாறு வயதில்தான் எழுத்துப் படித்தேன். இன்றும் விரல் வைத்துத்தான் வாசிப்பேன், ஆனால் ஒரு வரி விட மாட்டேன். பெரும்பாலும் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு நாளில் மூன்று பேர் இறந்ததும், ரொட்டியில் மருந்து உப்பு இரண்டரை மடங்குக்கு மேல் இருந்ததும் சரி. எடைப்பட்டியலை எழுதியவள் டோய்னா ருஸ்நாக் என்பதும், அவள் காவலில் இருப்பதும், திங்கட்கிழமை அவள் வழக்கு வருகிறது என்பதும் சரி. ஏழாம் பக்கத்தில் மட்டும் ஒரு வாக்கியம் தவறு.

"பிசையும் தொழிலாளி கல்வியறிவு குறைந்தவர் என்பதால், டம்ளர் அளவுக்கும் கிராம் எடைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை."

எனக்குத் தெரியும். எத்தனை கிராம் வேறுபாடு என்றுகூடத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் சமையல்கட்டில் டம்ளர் என்றால் எது என்று நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் வீட்டிலும் அது இருக்கும், ரயிலில் டீ கொடுப்பதும் அதில்தான். தடித்த கண்ணாடி, சுற்றிலும் பட்டை பட்டையாக இருக்கும், மேலே பட்டைகள் முடிந்து ஒரு விரல் அகலத்துக்கு வழவழவென்று வளையம் ஓடும். பட்டை முடிகிற இடத்தைக் கழுத்துக் கோடு என்போம். மாவை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். தண்ணீர், பால், சர்க்கரை, உப்பு எல்லாம் கோடு வரை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. டம்ளர் என்று எழுதியிருந்தால் எந்த டம்ளர், எதுவரை என்று எல்லாருக்கும் தெரியும் என்பது எங்கள் வழக்கம். சமையல் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை அச்சடித்திருப்பார்கள், ஒரு டம்ளர் மாவு இத்தனை கிராம், சர்க்கரை இத்தனை, ரவை இத்தனை என்று. எங்கள் சுவரிலும் ஒன்று தொங்கியது. நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

மருந்து உப்பு வந்தது பதினொரு வருஷத்துக்கு முன்னால். இதய நோயாளிக்கு சாதாரண உப்பு ஆகாது, உப்பில்லாத ரொட்டியை அவர்கள் தொடுவதும் இல்லை. அதனால் பெரிய டாக்டர் ஸ்திராதன் வேறொரு உப்பை வரவழைத்தார். பூப்போல, துகள் துகளாக, கையில் எடுத்தால் கனமே தெரியாது. முதல் மூட்டை வந்த அன்று அவரே கீழே இறங்கி வந்தார், நிர்வாகியை அனுப்பவில்லை. என் டம்ளரை வாங்கி, மூட்டைக்குள் விட்டு, கோடு வரை நிரப்பி, கத்தியால் மேலே வழித்து எனக்குக் காட்டினார்.

"மாவு பிசையிற தொட்டி ஒண்ணுக்கு இந்த மாதிரி நாலு. கோட்டத் தாண்டாதே, இக்னாத். ருசிக்குப் போடுற உப்பு இல்ல இது. கூடிப்போச்சுன்னா பலவீனமான இதயம் அப்படியே நின்னுடும். உன் கைய நம்பித்தான் விடுறேன்."

அவருக்கு இது இப்போது நினைவில்லை என்று அறிக்கையில் இருக்கிறது. எனக்கு நினைவிருக்கிறது. பள்ளிக்கூடத்து வருகைப் பட்டியலில் என் பெயர் இருந்தது, நான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்திலும் பட்டியலில் பெயர் இருந்தது, நான் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். உன் கையை நம்புகிறேன் என்று என்னிடம் சொன்ன முதல் படித்த மனிதர் அவர். பதினொரு வருஷம் நான் கோட்டைத் தாண்டவில்லை. ஒரு நாள்கூட. அந்தக் காலத்தில் என் ரொட்டியைத் தின்று ஒருவரும் சாகவில்லை. அதற்காக எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

டோய்னா செப்டம்பரில் வந்தாள். தலைநகரத்தில் உணவுத் தொழில் படித்தவள், இருபத்தாறு வயது, சின்ன மகள் ஒருத்தி உண்டு. துணிப்பையில் எலக்ட்ரானிக் தராசு ஒன்றைச் சுற்றி எடுத்து வந்தாள், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல. எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு. அவள் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள், நான் நிற்கும்போது அவள் உட்காரவில்லை.

எடை போட்ட நாளில் நான் மனதார ஒத்துழைத்தேன். டம்ளரை வெந்நீரில் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். நீங்கள் வழக்கமாக எப்படிப் போடுவீர்களோ அப்படியே போடுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றாள். ஒவ்வொரு பொருளையும் பத்துத் தடவை. மாவைப் பத்துத் தடவை நிரப்பினேன், பத்துத் தடவை தராசில் வைத்தாள். நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று எழுபத்தொன்று. நூற்று நாற்பத்தொன்பது. என்னைச் சுற்றிச் சமையல்கட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சிரிப்பு.

"மாமா, உங்க டம்ளர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கத சொல்லுதே" என்றாள் டோய்னா.

சூப் வைக்கும் ரயிசா விடவில்லை. "வீட்டு ஒயின ஊத்தும்போது மட்டும் அவருக்கு ஒரு சொட்டு தப்பாது, பாத்துக்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் விளக்கம் சொல்லியிருக்கலாம். காலையில் மாவு ஈரம் வாங்கும், அதனால் ஒரு டம்ளரில் தட்டுவேன், அடுத்ததில் தட்ட மாட்டேன். தொட்டியில் விழுந்தபின் அது எப்படி இழுக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த டம்ளரை நிரப்புவேன். பத்து டம்ளரையும் தனித்தனியே நிறுத்தால் பத்து எடை வரும், சேர்த்து ரொட்டியாக்கினால் ஒரே ரொட்டிதான் வரும். இதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் சர்க்கரைக்குப் போய்விட்டாள்.

அன்று மாலையே கையால் எழுதிய பட்டியலைப் பிசையும் மேசைக்கு மேலே ஒட்டினாள். மாவு இத்தனை கிராம், தண்ணீர் இத்தனை, ஈஸ்ட் இத்தனை, சீரகம் இத்தனை. மருந்து உப்புக்கு எதிரே வெற்றிடம், ஏனென்றால் பழைய மூட்டை தீர்ந்து புதியது திங்கட்கிழமை வர வேண்டியிருந்தது. பட்டியலின் அடியில் கோடு போட்டு ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். எல்லாரும் போனபின் விரல் வைத்து வாசித்தேன். "டம்ளர் அளவு (இ. புர்லாக்கு): பிழை பதினொரு சதவீதம் வரை. இனிப் பயன்படுத்த வேண்டாம்."

என் பெயரை நான் எழுதப் படித்தபோது அறுபத்து நான்கு பக்க நோட்டு ஒன்று முழுக்க அதையே எழுதினேன். அதைச் சுவரில் பார்த்தது அன்றுதான்.

ஐயா, நான் கத்தவில்லை. பட்டியலைக் கிழிக்கவும் இல்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கோபத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அது கொதிக்கிற கோபம் இல்லை. பிசைந்து மூடி வைத்த மாவு இருக்கிறதே, அதுபோல. துணியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் நடப்பதாகத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் டோய்னா தலைநகரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டி நின்றது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பட்டியலை அங்கே அச்சடித்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பிவிடப் போவதாகச் சொன்னாள். வெற்றிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று பேனாவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தாள். இதுதான் நீங்கள் தேடின நிமிஷம்.

"மாமா, மருந்து உப்பு தொட்டிக்கு எத்தன டம்ளர்?"

"நாலு. கோடு வரைக்கும்."

"நான் அத இன்னும் பாக்கல. சாதா உப்பு மாதிரிதானே? எடையும் அதேதானே இருக்கும்?"

நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகத்தான் கேட்டாள். என் கையைப் பிழை என்று சுவரில் ஒட்டிவிட்டு, என் கைக்குத் தெரிந்ததை என்னிடமே கேட்டாள்.

"உப்பு உப்புதானேம்மா" என்றேன்.

அவள் நன்றி சொன்னாள். சாதாரண உப்பு ஒரு டம்ளர், கோடு வரை, இருநூற்று ஐம்பத்தாறு கிராம் என்று அவள் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. நான்கால் பெருக்கினாள். ஆயிரத்து இருபத்து நான்கு. எழுதிவிட்டு ஓடினாள்.

அதுவரை அதை வாய்தவறி வந்ததாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொள்ள நான் உங்களை விட மாட்டேன், ஏனென்றால் ஏழாம் பக்கம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை புதிய மூட்டை வந்தது. அச்சடித்த பட்டியலும் டாக்டர் கையெழுத்தோடு வந்தது. இருபது தாளுக்கு ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டிருப்பார். பிசைகிற வேலைக்கு இரண்டு பெண்களை வைத்திருந்தார்கள், அவர்கள் ஏழு மணிக்கு வருவார்கள். நான் ஆறுக்கே வந்தேன், இனி என் வேலை அடுப்பு. மூட்டையைப் பிரித்து, டம்ளரில் கோடு வரை நிரப்பி, கத்தியால் வழித்து, அவளுடைய தராசில் வைத்தேன். பொத்தானை எப்படி அழுத்துவது என்று பத்துத் தடவை பார்த்திருக்கிறேனே. தொண்ணூற்றெட்டு.

நான்கு டம்ளர் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. சுவரில் ஆயிரத்து இருபத்து நான்கு. இரண்டு எண்ணையும் என்னால் வாசிக்க முடிந்தது. கழித்துப் பார்க்கவும் முடிந்தது. பிறகு உப்பை மூட்டையிலேயே கொட்டி, தராசைத் துடைத்து வைத்தேன். பெண்கள் வந்து, பட்டியலில் உள்ளபடி, ஒரு கிராம் பிசகாமல் நிறுத்துப் போட்டார்கள். நான் விறகு தள்ளினேன்.

என்னதான் நினைத்தாய் என்று கேட்பீர்கள். இப்படி நினைத்தேன்: முதல் நாளே கசக்கும், நூற்று நாற்பது பேரும் தட்டைத் தள்ளிவிடுவார்கள், நிர்வாகி கீழே இறங்கி வந்து தராசைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, இக்னாத், உன் டம்ளரை எடு என்பார். ஒரே ஒரு நாள். அவ்வளவுதான் நான் விரும்பியது.

யாரும் தட்டைத் தள்ளவில்லை. சீரகம் கசப்பைப் பாதி மறைத்துவிட்டது. மீதியை அவர்களே விழுங்கிக்கொண்டார்கள். இப்போது எல்லாம் கிராம் கணக்குப்படி என்று சாப்பாட்டுக்கூடத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது, அதனால் கசந்தால் அது உடம்புக்கு நல்லது என்று நினைத்திருப்பார்கள் போல. என் ரொட்டி கொஞ்சம் கருகினால் அடுப்பறை ஜன்னலுக்கு வந்து திட்டுகிற மனிதர்கள் இவர்கள். தராசு போட்ட ரொட்டியை ஒருத்தரும் திட்டவில்லை. எனக்கு அவர்கள் மேலும் கோபம் வந்தது. நான் அந்த நாட்களில் வீட்டிலிருந்து சோளக்களியும் ஆட்டுப்பால் சீஸும் கொண்டுவந்து சாப்பிட்டேன். எனக்குச் சோளக்களி பிடிக்கும்.

ஐந்தாம் நாள் இரண்டாம் வார்டில் ஒரு பஸ் டிரைவர் இறந்தார். எட்டாம் நாள் ஒரு கணக்கு வாத்தியார். பெயர்கள் உங்கள் அறிக்கையில் இருக்கின்றன. இதய சானடோரியத்தில் மனிதர்கள் இறப்பது அதிசயமில்லை என்று டாக்டர் சொன்னார், பிரேதத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் காத்திருந்தேன். யாராவது வந்து கேட்டால் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஒருத்தி கேட்டாள். டோய்னாதான், தலைநகரத்திலிருந்து திரும்பியிருந்தாள். கையில் ஒரு துண்டு ரொட்டியோடு அடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள். சரியாகத் தூங்காத முகம். அவளும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இளம் இதயம், தாங்கும்.

"மாமா, எனக்கு மட்டும்தான் கசக்குதா? நீங்க கொஞ்சம் வாயில வச்சுப் பாருங்களேன். உங்களுக்குத்தான் தெரியும்."

வாயில் வைத்தேன். மென்றேன்.

"சீரகத்த ரொம்ப வறுத்துட்டாங்கம்மா அந்தப் பொண்ணுங்க. அதான் கசப்பு. எடையெல்லாம் சரியாத்தான் இருக்கும், தராசு பொய் சொல்லுமா."

அவள் முகம் தெளிந்தது. அன்றே சீரகத்தைப் பாதியாகக் குறைத்தாள். உப்பைத் தொடவில்லை. அவள் திரும்பிப் போனதும் நான் வாயிலிருந்ததை அடுப்பில் துப்பினேன். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள், மாமாவிடம் கேட்டேன் என்று. நீங்கள் என்னைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். எனக்கு கிராமெல்லாம் தெரியாது ஐயா, நான் டம்ளர் ஆள் என்றேன். என் கையையும் விரல் வைத்து வாசிப்பதையும் பார்த்துவிட்டு நம்பினீர்கள். எனக்கு டீ கொடுத்து அனுப்பினீர்கள். அவளைப் பொய்க்காரி என்று எழுதினீர்கள்.

மூன்றாவது ஆள் அகாஃபியாக்கா. அவளைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் இதை நானாகச் சொல்கிறேன்.

எழுபத்தொரு வயது, கணவன் இல்லை, சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் பீட்ரூட் கழுவியவள். ஆறு வருஷமாக ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் இருபத்து நான்கு நாள் எங்களிடம் வருவாள். காலை நடைப்பயிற்சி முடிந்து அடுப்பறை ஜன்னலுக்கு வந்து கைத்தடியால் கண்ணாடியைத் தட்டுவாள். சூடான ரொட்டியின் முனைத்துண்டுதான் அவளுக்கு வேண்டும். வார்டில் அதற்கு அடிதடி நடக்கும், நான் அவளுக்கென்று ஒதுக்கி வைப்பேன். வாங்கிக்கொண்டே திட்டுவாள். டேய் இக்னாத், நீ ரொட்டி சுடுறியா செங்கல் சுடுறியா என்பாள். உனக்குப் பெண் கொடுக்காமல் விட்டவன் புத்திசாலி என்பாள். திட்டிக்கொண்டே நின்ற இடத்தில் முழுத்துண்டையும் தின்றுவிட்டு, உள்ளங்கையில் ஒட்டிய பொடியையும் நக்கிவிட்டுத்தான் போவாள். எனக்கு வீட்டில் யாரும் இல்லை. வருஷத்தில் அந்த இருபத்து நான்கு நாளுக்காகச் சவரம் செய்துகொள்வேன்.

இந்த வருஷம் அவள் வந்தது, அச்சடித்த பட்டியல் சுவரில் ஏறிய அதே திங்கட்கிழமை.

அவளுக்கு நான் அந்த ரொட்டியைக் கொடுக்கவில்லை. ஞாயிறு மாலையே வீட்டு அடுப்பில் அவளுக்கென்று ஒன்று சுட்டு வைத்திருந்தேன். ஞாயிறு என்பதைக் கவனியுங்கள், மூட்டை வருவதற்கு ஒரு நாள் முன்பு. நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை, நானே சொல்கிறேன்: தராசு சொல்வதற்கு முன்பே என் கைக்குத் தெரிந்திருந்தது. டம்ளரால் அளந்த மாவு, ஒரு சிட்டிகை மருந்து உப்பு, பழைய மூட்டையில் ஒட்டியிருந்தது. ஜன்னல் வழியாக அதன் முனையைக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கூடத்து ரொட்டியைத் தொடாதீர்கள், சீரகம் உங்கள் வயிற்றுக்கு ஆகாது, நான் கொண்டுவருவது போதும் என்றேன். கிழவிக்குத் திருட்டுத் தீனி கிடைத்த சந்தோஷம். மறுபேச்சில்லாமல் கேட்டாள். ஏழு நாள் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் இறந்த அன்று குன்றின் உச்சி வரை நடந்து போய்வந்ததாகப் பெருமையடித்தாள்.

எட்டாம் நாள் காலை ஜன்னலைத் தட்டினாள். முனைத்துண்டை நீட்டினேன். வாங்கினாள், ஆனால் கடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் புரட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்துக் கட்டில்காரி நேற்று அவளுடைய ரொட்டியில் பாதி கொடுத்தாளாம்.

"இக்னாத், தப்பா எடுத்துக்காத. அந்தப் பொண்ணு ரொட்டி உள்ள பஞ்சு மாதிரி இருக்குடா. லேசா ஒரு கசப்பு, அவ்வளவுதான். ஆறு வருஷமா உன் கல்லைக் கடிச்சு கடிச்சுப் பல்லுதான் போச்சு. நாளையிலேர்ந்து எனக்காக வீட்டுல சுட்டு கஷ்டப்படாத, எல்லாரும் சாப்பிடுறதையே நானும் சாப்பிடுறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளையாட்டுக்குச் சொல்லும்போது அவள் குரல் எனக்குத் தெரியும். என்னை நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அதுதான்.

சரி அக்கா, உங்கள் இஷ்டம் என்றேன். அவள் கையிலிருந்த துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பின்னால் மேசையில், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து, பெரிய முனையாக வெட்டி, ஜன்னல் வழியாக நீட்டினேன். ஆவி பறந்தது. அவள் ஊதி ஊதித் தின்றாள். உள்ளங்கையை நக்கினாள். பார்த்தாயா, சூடாக இருக்கும்போது கசப்புகூடத் தெரியவில்லை என்றாள். இன்னொரு முனையையும் வெட்டிக் கொடுத்தேன், மதியத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி.

ஒன்பதாம் நாளும் இரண்டு முனை. டோய்னா கசக்கிறதா என்று கேட்க வந்தது அன்றுதான், அகாஃபியாக்கா போய்ப் பத்து நிமிஷத்துக்குள். நான் ஏன் சீரகம் என்றேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். பத்தாம் நாள் அக்கா படியேற மூச்சு வாங்கியது, ஆனாலும் வந்தாள். பதினோராம் நாள் வார்டில் படுத்துவிட்டாள், நடக்க முடியவில்லை, கால் பஞ்சாக இருக்கிறது என்றாளாம். சாப்பாட்டுத் தட்டை ரயிசா மேலே எடுத்துப் போகப் போனாள். நான் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் வார்டுக்குள் போனது அந்த ஒரு தடவைதான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரொட்டியைப் பாலில் நனைத்து, சின்னச் சின்னத் துண்டாக ஊட்டினேன். இப்படி எனக்கு யாரும் ஊட்டியதில்லை என்றாள். முழுவதும் சாப்பிட்டாள். பக்கத்துக் கட்டில்காரி அழுதாள், இவ்வளவு நல்ல மனிதர் என்று. அந்தச் சாட்சியம் அறிக்கையில் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது, என் நடத்தைக்கு ஆதாரமாக.

பன்னிரண்டாம் நாள் காலை ஜன்னலை யாரும் தட்டவில்லை.

அதன்பிறகுதான் தலைநகரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள், ரொட்டியைப் பார்த்தார்கள், பட்டியலைப் பார்த்தார்கள். டோய்னா மூட்டைக்குள் கைவிட்டு உப்பை அள்ளிப் பார்த்தபோது நான் அங்கே நின்றேன். கையில் கனமே இல்லாததைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். தராசில் வைக்காமலேயே ஒரு பொருளின் எடையை அவள் அறிந்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது ரொட்டியை நான்தான் பிசைகிறேன். டம்ளரால்தான். புதிய உத்தரவு வரும்வரை அப்படியே நடக்கட்டும் என்று நிர்வாகி சொல்லியிருக்கிறார். நூற்று முப்பத்தேழு பேர் சாப்பிடுகிறார்கள். கருகினால் திட்டுகிறார்கள்.

திங்கட்கிழமைக்கு முன் இது உங்கள் கைக்கு வந்துவிடும். டோய்னாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அவள் ஒரு பொருளை நிறுக்காமல் விட்டாள், அதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. டிரைவரையும் வாத்தியாரையும் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்க மாட்டேன். அந்த எண் தப்பு என்று தெரிந்தே விட்டேன், கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னேன். ஏழாம் பக்கத்தையும் திருத்திவிடுங்கள்.

அகாஃபியாக்காவை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவளைக் காப்பாற்ற என்னால் ஆனதையெல்லாம் செய்தேன், ஏழு நாள் என் கையால் சுட்டுக் கொடுத்தேன். என் ரொட்டி நன்றாக இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இன்றும் உயிரோடு இருந்திருப்பாள். அது அவள் கையில்தான் இருந்தது.